வட கர்நாடகம்: இல்லை

அன்பு மகனுக்கு,

கையில் போன் இருக்கும்போது எதற்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். மன்னித்துக்கொள். போனில் கூப்பிட்டால் நீ 'சாப்டியாமா' என்பாய், நான் 'சாப்ட்டேன்' என்பேன், அதற்குள் அப்பா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொள்வார். சொல்ல நினைத்தது அப்படியே நின்றுவிடும். ஐம்பதை நெருங்கும் வயதிலும் எனக்கு நான்கு வார்த்தை சேர்த்துப் பேச வருவதில்லை. எழுதத்தான் கொஞ்சம் வரும். அந்தக் கொஞ்சத்தால்தான் நம் குடும்பத்துக்கு ஒரு கெடுதலும் வந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நிச்சயத்தன்று உன் மாமனாராகப் போகிறவர் சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் கேட்டார்: "பையனுக்குத் தாய்மாமன் இல்லீங்களா?" நான் இலையைப் பார்த்துக்கொண்டே "வெளியூர்ல இருக்காருங்க" என்றேன். எதிர்ப்பந்தியில் உட்கார்ந்திருந்த நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். மாமா இருப்பது இதே பெங்களூரில், ஈஜிபுராவில், நம் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில் என்பது உனக்குத் தெரியும். அங்கே நீ ஒன்றும் கேட்கவில்லை. ஹைதராபாத் போய்ச் சேர்ந்த பிறகு போனில் கேட்டாய்: "மாமா கல்யாணத்துக்கு வருவாரா மாட்டாரா? அந்தப் பொண்ணு கேட்டா நான் என்னம்மா சொல்றது?" 'பாக்கலாம்' என்று சொல்லிப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். பதினாறு வருடமாக இந்தப் 'பாக்கலாம்' ஒன்றையே சொல்லி வருகிறேன். அலுத்துவிட்டது. உனக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் இதில் எழுதிவிடுகிறேன். உன்னிடம் கேட்கவேண்டியதும் ஒன்று இருக்கிறது. அதை இப்போதே எழுதத் துணிவில்லை, கடைசியில் எழுதுகிறேன்.

உனக்கு வரப்போகிறவள் பெரிய சபைக்காரி. அவர்களுக்கு எந்த ஊரில் ரயிலை விட்டு இறங்கினாலும் ஓர் ஆலயம் இருக்கும். நாமோ 'லுத்தரன்' என்று சொன்னாலே 'அது எதுங்க' என்று கேட்பவர்கள்தான் அதிகம், அந்த லுத்தரனிலும் நாம் ஒரு சின்னப் பிரிவு. வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஆம்பூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கொஞ்சம் கெட்டியாக இருப்போம். தங்கவயல் சுரங்க லைன் வீடுகளில் ஒரு திட்டு, தெற்கே நாகர்கோவில் பக்கம் ஒரு திட்டு, பிறகு வேலை தேடி ரயிலேறியவர்கள் இறங்கிய இடமான பெங்களூர். அதற்கு வடக்கே வெறும் காகிதம்தான். இவ்வளவு சின்னக் கூட்டத்தில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது பெரிய விஷயம். நற்கருணை வாங்குகிறவர் முன்கூட்டியே போதகரிடம் பெயர் கொடுக்கவேண்டும் என்பது நம் முறை. பெயர் கொடுத்தவர் எந்த வீடு, அந்த வீட்டில் சண்டையா சமாதானமா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஸ்ரீராம்புரத்திலும் ஒக்கலிபுரத்திலும் நாமெல்லாம் சந்துக்குச் சந்து ஒட்டிக்கொண்டு வாழ்ந்தவரை அது எளிதாக இருந்தது.

தொண்ணூற்றொன்று கடைசியில் காவிரித் தகராறில் ஊர் பதறியது உனக்கு அரைகுறையாக நினைவிருக்கும், அப்போது உனக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு ஆலயத்தில் பாதிப் பெஞ்சு காலியாகிவிட்டது. சிலர் ஓசூருக்குப் போனார்கள், சிலர் தங்கவயலுக்கே திரும்பினார்கள், சிலர் தங்களை யாருக்கும் தெரியாத ஏரியாவாகப் பார்த்து வீடு பிடித்தார்கள். பாஸ்டர் ஐயாவுக்கு யாரை எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரியவில்லை. அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: உறுப்பினர்கள் எந்தெந்த இடத்தில் எத்தனை பேர் என்று இடவாரியாகக் கணக்கு அனுப்பவேண்டும், அதைப் பார்த்துத்தான் பெங்களூருக்கு இன்னொரு போதகர் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். பாஸ்டர் ஐயா ஆராதனை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "பி.ஏ. படிச்ச பொண்ணு நீதான்மா இருக்கே. கையெழுத்தும் முத்து மாதிரி இருக்குது." மாட்டேன் என்று சொல்லத் தெரியாததால் ஒப்புக்கொண்டேன். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. நம் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளிக்கூட ஆபீசில் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டருக்குக் கோடு போடுவதைத் தவிர அந்தப் படிப்புக்கு அதுவரை ஒரு வேலையும் வந்ததில்லை.

அந்தப் படிப்பு எப்படி வந்தது என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும். நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உன் தாத்தா தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்தவர். எனக்கு மூன்று வயதாகும்போது குடும்பத்தோடு ஞானஸ்நானம் எடுத்தார். மாமாவுக்கு அப்போது பதினாறு. அவர் ஏற்கெனவே முனிரத்தினம் என்ற பெயரில் பள்ளிக்கூடத்தில் இருந்தார், சர்டிபிகேட்டில் மதம், சாதி எல்லாம் பழையபடியே ஏறியிருந்தது. ஆலயத்தில் அவருக்கு சாலமோன் என்று பெயர் வைத்தார்கள். நான் புதுப் பெயரோடு, கிறிஸ்துவப் பெண்ணாகவே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். அரசாங்கக் கணக்கில் நம் ஜனம் மதம் மாறிவிட்டால் சாதிச் சலுகை போய்விடும். கஷ்டம் மட்டும் கூடவே வரும், சலுகை வராது. தாத்தா இறந்தபோது மாமா முனிரத்தினமாகவே பெங்களூரில் அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப் போட்டார், கிடைத்தது. அந்த உத்தியோகத்தில்தான் என்னை ஸ்ரீராம்புரத்து வீட்டில் வைத்துச் சோறு போட்டுக் காலேஜுக்கு அனுப்பினார். அவர் மனைவி, உன் அத்தை, எனக்குத் தலை பின்னிவிட்டு, பஸ் வரும்வரை தெருமுனையில் என்னோடு நிற்பாள். வீட்டிலும் ஆலயத்திலும் அவர் சாலமோன், ஆபீசில் முனிரத்தினம். இரண்டும் சேராமல் இருபது வருடம் ஓடிவிட்டது.

கணக்கெடுக்கப் போன கதைக்கு வருகிறேன். நூற்றுச் சொச்சம் வீடு. சனிக்கிழமை மத்தியானமும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் நடந்தேன். கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பேன், அவ்வளவு கூச்சம். ஸ்ரீராம்புரத்தில் ஒரு அம்மா என் கையிலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ரேஷன் கார்டா?" என்றாள். சபைக்கு என்றேன். "சபையில எழுதிக்கினா கொழாயில தண்ணி வருமா?" என்று கேட்டுவிட்டு, ஆனாலும் ஏழு பேரின் பெயரையும் ஞானஸ்நானத் தேதியோடு சொன்னாள். ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய வீட்டில் ஒரு விதவை. நான் கேள்வி கேட்கும்போதெல்லாம் வண்டி வந்தது. "ஸ்வல்ப இரு, ரயில் போவட்டும்" என்று கையைக் காட்டுவாள். பெட்டிகள் போய் முடிந்ததும் விட்ட எழுத்திலிருந்து சரியாகத் தொடர்வாள். அவளைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்கு வெகுநேரம் மனசு லேசாக இருந்தது.

ஈஜிபுராவில் புதிதாகக் குடிபோன ஒரு வீட்டில்தான் முதல் எச்சரிக்கை கிடைத்தது. அந்த மனிதர் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். என்னை உட்காரவைத்து, கதவைச் சாத்தி, அலமாரியைத் திறந்தார். உள்பக்கத்தில் சிலுவை போட்ட காலண்டர் தொங்கியது. "பாரும்மா, வேலைக்குப் போனா நான் கோவிந்தராஜு. சண்டே மட்டும் கிறிஸ்துதாஸ். ரெண்டு பேரையும் ஒரே பேப்பர்ல உக்கார வெச்சிடாத, சண்ட வந்துடும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் தனியாக ஒரு கேள்வி கேட்டேன்: எந்தப் பெயரை எழுதட்டும், வேலையை எழுதலாமா? பலர் வேண்டாம் என்றார்கள். சிலர் விலாசமே வேண்டாம் என்றார்கள். அப்படிப்பட்ட பதினோரு குடும்பத்தை ஊர், தெரு எதுவும் இல்லாமல் வெறும் எண்ணிக்கையாகச் சேர்த்தேன். நான் கெட்டிக்காரியாகத்தான் இருந்தேன், மகனே. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

அட்டைகளையெல்லாம் பார்த்த பாஸ்டர் ஐயாவுக்கு ஒரே பூரிப்பு. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினால் மட்டும் போதாது, அறுப்பின் பண்டிகைக்குச் சின்னப் புத்தகமாக அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிடலாம் என்றார். ஏரியா வாரியாக, தெரு வாரியாக, பெயர், வேலை, சொந்த ஊர். பிரஸ்ஸுக்குக் கொடுப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் அட்டைகளை அடுக்கினேன். மாமா வீட்டு அட்டை மட்டும் இல்லை. எல்லா வீட்டுக்கும் போனவள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. போகத் தோன்றவே இல்லை, அது என் வீடுதானே. புது அட்டை எடுத்து நானே மனப்பாடமாக எழுதினேன். மற்றப் பெண்களின் அண்ணன் தம்பிகள் ரயில்வே, மில் என்று வரிசையாக இருந்தார்கள். என் அண்ணன் ஓர் அரசாங்க ஆபீசில் சூப்பரிண்டெண்ட். அது அச்சில் வரவேண்டும் என்று எனக்கு ஆசை. ஆபீசில் அவரை எந்தப் பெயரால் அறிவார்களோ அதுவும் இருந்தால்தானே அந்தப் பதவிக்கு மதிப்பு? 'சாலமோன் என்கிற முனிரத்தினம்' என்று எழுதி, பக்கத்தில் பதவியையும் ஆபீசையும் எழுதினேன். கட்டிலில் படுத்திருந்த உன் அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஒங்க அண்ணன கேட்டியா?"

"அண்ணன என்னத்தக் கேக்கறது."

"கேட்டுட்டா நல்லது."

"நீங்க தூங்குங்க" என்றேன்.

புத்தகம் பண்டிகையன்று காணிக்கைப் பொருள்களின் ஏலம் முடிந்து, பூசணிக்காயையும் கோழியையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பும் நேரத்தில் கைக்குக் கை போயிற்று. அத்தை ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். மறுநாள் சாயங்காலம் மாமா வந்தார். நீ அவர் மடியில் ஏறப் போனாய், 'அப்புறம்டா' என்றார். கத்தவில்லை. புத்தகத்தை அந்தப் பக்கத்தில் விரித்து மேசைமேல் வைத்தார்.

"இது எத்தன அடிச்சீங்க பாப்பா?"

"முந்நூறுண்ணா."

"எத்தன குடுத்தாச்சு?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. "என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

மிச்சமிருந்த கட்டுகளில் அந்த வரியைக் கறுப்பு மையால் நானே அடித்தேன். பிறகு மறுபடியும் அத்தனை வீட்டுக்கும் பேனாவோடு நடந்தேன். "திருப்பி வந்துட்டியா, இந்த வாட்டியாச்சும் தண்ணி வருமா?" என்றாள் ஸ்ரீராம்புரத்து அம்மா. புத்தகத்தை வாங்கி, அச்சுப் பிழை என்று சொல்லி, அந்த ஒரு வரியைக் கறுப்பாக்கித் திருப்பிக் கொடுத்தேன். நான் அடித்துவிட்டுப் போன பிறகு அதில் என்ன இருந்தது என்று எத்தனை பேர் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டார்களோ. இருபது இருபத்தைந்து புத்தகம் அகப்படவே இல்லை. அதில் ஒன்று எப்படியோ மாமாவின் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. யார் கொண்டுபோனது என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. எழுதினது நான்தானே. நான்கைந்து மாதம் கழித்து அவருக்கு மெமோ வந்தது: நீர் கிறிஸ்துவர் என்றும், பொய்ச் சான்றிதழில் பணியில் இருப்பதாகவும் புகார் வந்திருக்கிறது, விளக்கம் தரவும்.

அடுத்து நடந்ததை உன் அப்பாவிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. ஒரு சனிக்கிழமை மாமா என்னைப் பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வரச்சொன்னார். நான் போகும்போது இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமா என்னைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் சொன்னார்:

"அப்பிடி ஒருத்தர் இந்தச் சபையில மெம்பர் இல்லன்னு ரெண்டு வரி டைப் அடிச்சிக் குடு பாப்பா. ஐயா கையெழுத்துப் போடுவாரு. அவ்ளோதான் விஷயம்."

பாஸ்டர் ஐயா தரையைப் பார்த்தபடி, "ரிஜிஸ்டர் உங்கிட்டதான்மா இருக்குது. நீ இல்லன்னு சொன்னா எனக்கும் இல்லதான்" என்றார்.

எங்கும் வாய் திறக்காதவளுக்கு அன்றைக்கு வாய் வந்தது. "இருக்கிற பேர இல்லன்னு எப்பிடிண்ணா எழுதறது? பொய்யாச்சே."

மாமா என் பக்கம் திரும்பினார். "பொய்யா. சரி. நீ காலேஜுக்குப் போனது எந்தப் பேரு வாங்கின சம்பளத்துல பாப்பா? அது மட்டும் நெஜமா?" எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

எழுத மறுத்தது தப்பா என்று எனக்கு இப்போதும் தெரியாது. பொய் பொய்தான் என்று சில நாள் தோன்றும். ஒரு ஜனத்தை இரண்டு பெயரில் வாழவைத்த சட்டத்தின் முன்னால் அது என்ன பெரிய பொய் என்று சில நாள் தோன்றும். ஆனால் அன்று என்னைப் பேசவைத்தது கடவுள் பயம் இல்லை என்பது மட்டும் தெரியும். நூறு வீட்டுப் படியேறி நான் சேர்த்த ரிஜிஸ்டர் அது, அதில் ஓட்டை விழக்கூடாது என்ற கர்வம்தான். மாமா தானே ஒரு வழி செய்துகொண்டார். யாரும் போக விரும்பாத ராய்ச்சூருக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். புகார் கொடுத்தவருக்கு வேண்டியது மாமாவின் நாற்காலிதான் போல, அது காலியானதும் பைல் தூங்கிவிட்டது. வரவேண்டிய பிரமோஷன் வரவில்லை. பிள்ளை இல்லாத அவர்கள் இருவரும் நாற்பது வயதுக்கு மேல் வெயில் ஊரில் போய்ப் புதிதாகக் குடும்பம் நடத்தினார்கள். போகும்போது நம் வீட்டுக்கு வரவில்லை. மாமா ஏன் வரவில்லை என்று நீ கேட்டபோது, வேலை என்று சொன்னேன்.

அங்கே போன முதல் கிறிஸ்துமஸுக்கு அத்தை மாமாவுக்குத் தெரியாமல் ஒரு கடிதம் போட்டிருந்தாள். நம் சபைக்காரர் ஒருவர்கூட அந்தப் பக்கத்தில் இல்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஆராதனை முறைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாள். 'போதகர் சொல்ற பகுதிய அவரு வாசிக்கிறாரு, சபை சொல்ற பகுதிய நான் சொல்றேன். காணிக்கை எடுக்க மட்டும் ஆள் இல்ல' என்று வேடிக்கையாக முடித்திருந்தாள். அந்த வாரம்தான் தலைமை அலுவலகத்துக்கு இடவாரிக் கணக்கு அனுப்பவேண்டியிருந்தது. ஒருமுறை செய்தவள் என்பதால் அது என் தலையிலேயே நிரந்தரமாக விழுந்திருந்தது. ஸ்ரீராம்புரம், ஒக்கலிபுரம், ஈஜிபுரா, தங்கவயல் சாலை, ஓசூர் என்று ஒவ்வொன்றாக டைப் அடித்துக்கொண்டு வந்தேன். கடைசி வரிசை தலைமை அலுவலகமே அச்சடித்து அனுப்பியது: வட கர்நாடகம். ராய்ச்சூர் அதற்குள்தான் வரும். அதற்கு எதிரே 'இல்லை' என்று அடித்தேன். இரண்டு பேர் என்று எழுதினால் எந்த ஊர், எந்தத் தெரு, யார் என்று திருப்பிக் கேட்பார்கள். ஒரு தடவை சூடு பட்டவள். அடுத்த வருடமும் 'இல்லை' என்றே அடித்தேன். அதற்கடுத்த வருடமும். அண்ணன் வாய்விட்டுக் கேட்டபோது ஒரே ஒரு தடவை எழுதமாட்டேன் என்றவள், யாரும் கேட்காமலே பதிமூன்று தடவை எழுதினேன். பெங்களூருக்கு இரண்டாவது போதகர் வந்தார். புது ஆலயத்துக்கு மனை வாங்கினார்கள். என் கணக்கு நன்றாக உதவியது என்று ஒரு வருடாந்தரக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். அந்தச் சால்வையை நீ பார்த்திருக்கமாட்டாய். அதை நான் பிரித்ததே இல்லை.

மாமா ஓய்வு பெற்று ஈஜிபுராவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அத்தையைச் சிவாஜிநகர் மார்க்கெட்டில் பார்த்தேன். முடி முழுதும் வெளுத்துவிட்டது. "வூட்டுக்கு வா. அவரு எழுந்து போனா போவட்டும், நீ குந்திக் காப்பி குடி" என்றாள். போனேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமா சட்டையை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டி இறங்கிப் போனார். எதிரே இருக்கும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நான் புறப்பட்டுத் தெருமுனை திரும்பும்வரை அவர் தலை நிமிரவில்லை. இன்னொரு தடவையும் போய்ப் பார்த்தேன். அப்போதும் அதேதான். அத்தை என் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு, "இந்த வயசுக்கு வாக்கிங் நல்லதுன்னு டாக்டர் சொல்லிக்கினே இருக்காரு. நீ வாரா வாரம் வந்தின்னா அவருக்கு சக்கரை கொறஞ்சிடும்" என்றாள். நான் சிரித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். மூன்றாவது தடவை போகவில்லை. படியேறும்போது முட்டி வலிக்கிறது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு என்று இதைப் படித்த பிறகு நீயே தெரிந்துகொள்வாய். ஆனாலும் கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைக்கு ஒரு தாய் ஏதாவது சொல்லத்தானே வேண்டும். வெளியாட்களிடம் நாம் ஒழுங்காகக் கேட்கிறோம், தயங்குகிறோம், கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் நிற்கிறோம். நம்மவர் என்றதும் கேட்பதை விட்டுவிடுகிறோம். அவளுடைய சம்பளத்தைப் பற்றியோ, உடம்பைப் பற்றியோ, அவள் அம்மா வீட்டைப் பற்றியோ நீ நாலு பேரிடம் சொல்லும்முன் அவளைக் கேள். அவள் என்ன சொல்வாள் என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தாலும் கேள். ஹைதராபாத்தில் நம் சபைக்கு ஆலயம் இல்லை. அவர்கள் சபைக்குப் போகிறேன் என்றால் போ, நான் வருத்தப்படமாட்டேன். மாற்றல் கடிதம் என் கையால்தான் எழுதவேண்டியிருக்கும், நல்லபடியாக எழுதித் தருகிறேன். அதுதான் நான் எழுதும் கடைசிக் கடிதமாகவும் இருக்கலாம். உன் கல்யாணம் முடிந்ததும் ரிஜிஸ்டரைக் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பெண்ணிடம் ஒப்படைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இனி என்னால் கோடு நேராகப் போட முடியவில்லை.

வருகிற ஞாயிறு ஆலயத்தில் உங்கள் இருவர் பெயரிலும் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசிக்கிறார்கள். அதற்கடுத்த நாள் அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கவேண்டும். பெண் வீட்டார் எழுதி அனுப்பிய மாதிரியில் இரண்டு பக்கமும் தாய்மாமன் பெயருக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நிரம்பியிருக்கிறது. நம் பக்கம் காலி. உன் அப்பா, 'சாலமோன்னே போட்டுடு, இனிமே யாரு கேக்கப் போறா' என்கிறார். மாமா பென்ஷன் வாங்குகிறவர். அவருக்கு இன்னும் பயம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கோபமாகவும் இருக்கலாம். அதை இந்த வீட்டில் உட்கார்ந்து நானோ அப்பாவோ முடிவு செய்யக்கூடாது.

வெள்ளிக்கிழமை நீ வருகிறாய். பையை வைத்துவிட்டு, குளித்து, தனியாக ஈஜிபுராவுக்குப் போ. உன்னைப் பார்த்து அவர் எழுந்து போகமாட்டார் என்று நினைக்கிறேன். போனால் டீக்கடைக்குப் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்கார். அழைப்பிதழில் அவர் பெயரைப் போடலாமா, போட்டால் எந்தப் பெயரைப் போடுவது என்று கேள். அவர் சொல்வதை அவர் கண்ணெதிரே எழுதி, அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல். பெயரே வேண்டாம் என்றால் சரி என்று சொல், ஏன் என்று கேட்காதே. நான் அனுப்பியதை மறைக்காதே. முன்பு ஒரு தடவை கேட்காமல் விட்டதைக் கேட்டுவரச் சொல்லி அம்மா அனுப்பினாள் என்று சொல்.

அம்மா